ஊர்விட்டு ஊர் வந்தவர்களும் நாம் பேசும் கதைகளும்

(கெங்குவார்பட்டி ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

ஆண்டுக் கூட்டத்தில் ஜகாத்தின் சிறப்பையோ கல்வியின் அவசியத்தையோ பேசுவது நமது வழக்கம். இவ்வாண்டு அவற்றை விடுத்து, பல ஆண்டுகளாக நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கும் ஒரு செய்தியைப் பேச நிர்வாகிகளிடம் அனுமதி பெற்றுள்ளோம். அது நம்முடைய பிழையிலிருந்து தொடங்குகிறது.

2018ஆம் ஆண்டு ரமலானுக்கு இரு வாரங்களுக்கு முந்தைய ஜும்ஆ. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாகக் கைபேசியில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. படம் இருந்தது, குரல் பதிவும் இருந்தது. நமக்கு அதை அனுப்பியவர் நல்ல மனிதர், ஐவேளை தொழுபவர். நாம் எதையும் விசாரிக்கவில்லை. பயானின் இறுதியில், ‘தெருவில் அந்நிய முகங்கள் தென்படுகின்றன, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மிம்பரில் நின்றே அறிவித்துவிட்டோம். இரண்டே வாக்கியங்கள்தாம்.

அதற்கடுத்த ஞாயிறன்று பாயும் கொசுவலையும் சுமந்து விற்கும் இரு வாலிபர்களைத் தெருவில் மறித்து, மூட்டையைப் பிரித்துக் கொட்டி, மின்கம்பத்தின் அருகே இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். ஒருவருடைய சட்டை கிழிந்திருந்தது. காவல்துறையினர் வந்து அடையாள அட்டையைப் பார்த்து அனுப்பிவைத்த பிறகே நமக்குச் செய்தி எட்டியது. சென்று பார்த்தோம். அவர்கள் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த முஸ்லிம்கள். மதரஸாவில் கற்ற உருதுவைக் கொண்டு பேசியபோது, அவர்களில் இளையவர் நம்மை அடையாளம் கண்டுகொண்டார். முந்தைய ஜும்ஆவில் நம் பள்ளியின் கடைசி ஸஃப்பில்தான் அவர்கள் இருவரும் அமர்ந்திருந்தார்களாம். தமிழ் தெரியாததால், நாம் அவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது விளங்காமல், பயான் முழுவதையும் அடக்கமாகக் கேட்டிருந்துவிட்டு நம் பின்னால் தொழுதிருக்கிறார்கள்.

அல்ஹம்துலில்லாஹ், அங்கே உயிருக்கு ஆபத்து நேரவில்லை. ஆனால் அதே மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகிலுள்ள அத்திமூரில் என்ன நடந்தது என்பது நாடறிந்த செய்தி. குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் வழியில், சென்னையைச் சேர்ந்த அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று கருதிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. உடன் வந்தவர்களும் படுகாயமுற்றனர். கதை வடநாட்டாரைப் பற்றியது, மாண்டவரோ நம் தமிழ்நாட்டுத் தாய். கதை ஒன்றைக் கட்டவிழ்த்து விட்டால் அது யாருடைய அடையாள அட்டையையும் பார்ப்பதில்லை. அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐவருக்கு மேல் அனுப்ப இயலாதவாறு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனால் மிம்பரில் நின்று ஒருவர் ஒரே நேரத்தில் முந்நூறு பேருக்குச் சொல்வதை எந்த நிறுவனம் கட்டுப்படுத்தும்? கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒரு மனிதன் பொய்யன் ஆவதற்குப் போதுமானது என்ற கருத்தமைந்த நபிமொழியை மதரஸாவில் மனனம் செய்தவர்கள் நாம். பாவிகள் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் பணிக்கிறது என்பதை நாமே பலமுறை விளக்கியிருக்கிறோம். செய்தி நல்லவர் ஒருவரிடமிருந்து வந்ததால் அந்த வசனம் நினைவுக்கு வரவில்லை.

இது வடநாட்டாரின் துயரம், நமக்கென்ன என்று எண்ணுவோருக்கு 2011ஆம் ஆண்டு டிசம்பரை நினைவூட்டுகிறோம்.

கம்பம் பள்ளத்தாக்கின் ஏழைப் பெண்கள் விடியுமுன் சோற்றுத் தூக்குடன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று அந்தியில் திரும்புவது தலைமுறைகளாக நடந்துவருகிறது. அங்கேயே தங்கி வேலை செய்பவர்களும் ஏராளம். அவர்களைக் குறிக்க மலையாள நாட்டில் ‘பாண்டி’ என்றொரு சொல் உண்டு. நமக்கு அது பாண்டிய நாட்டின் பெருமை. அங்கே அது அழுக்கன், நாகரிகம் அறியாதவன் என்னும் பொருளில் வழங்கும் ஏச்சு. நகைச்சுவைக் காட்சிகளில் அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு தலைமுறையே சிரித்துப் பழகியது. 1895இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையைப் பற்றிய அச்சமும் அங்கே நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வந்தது. 2011இன் இறுதியில் இடுக்கியில் நில அதிர்வுகள் உணரப்பட்டன. அணை ஒன்று உடைவதைக் கதையாகக் கொண்ட ‘டேம் 999’ என்ற ஆங்கிலத் திரைப்படம் அந்த நவம்பர் மாதத்தில்தான் வெளிவந்தது. தமிழ்நாட்டு அரசு அதைத் தடை செய்தது. அந்தப் படமே அடிதடிக்குக் காரணம் என்று கூற நாம் துணிய மாட்டோம். அச்சம் உண்மையாகவே இருந்தது, அரசியலும் இருந்தது. ஆயினும், அணை உடைந்து லட்சக்கணக்கானோர் அடித்துச் செல்லப்படும் காட்சி ஒரு மக்கள்திரளின் மனக்கண்ணில் ஓடிக்கொண்டேயிருக்கும்போது, எதிரில் ஏலக்காய் பறித்துக்கொண்டிருக்கும் கூலிப்பெண்ணும் அந்தக் காட்சிக்குள் ஒரு பாத்திரமாகிவிடுகிறாள். அணையின் தண்ணீரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

டிசம்பரில் அவர்கள் விரட்டப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் உடைமைகளை விட்டுவிட்டு, பேருந்தும் ஜீப்பும் இல்லாமல், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதைகளில் நடந்தே போடிக்கும் தேவாரத்துக்கும் வந்து சேர்ந்தனர். அதைச் சொல்லும்போது மற்றதையும் சொல்வதே நீதி: அதே நாள்களில் நம் பக்கத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. தேநீர்க் கடை நடத்தி, நம் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லி அழைத்து வடை கொடுத்தவர்கள் ஒரே வாரத்தில் தண்ணீர் தர மறுக்கும் எதிரிகளாகிவிட்டார்கள்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களின் கதையை இங்கே விரிக்க நேரமில்லை. காப்பிக்கும் தேயிலைக்கும் காடு திருத்திய அவர்களுக்குக் ‘கள்ளத்தோணி’ என்று பட்டம் சூட்டினார்கள்; 1948இன் குடியுரிமைச் சட்டம் பல லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது; 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பி வந்து நமக்கு மேலே கொடைக்கானல் மலையில் குடியேறியவர்களை நாம் ‘சிலோன்காரன்’ என்றோம். பட்டம் முதலில் வருகிறது, சட்டம் அதன் பின்னால் வருகிறது.

இப்போது மதீனாவுக்குச் செல்வோம்.

ஹிஜ்ரி ஐந்தாம் ஆண்டு, வேறு சிலர் கூற்றுப்படி ஆறாம் ஆண்டு, பனூ முஸ்தலிக் படையெடுப்பு முடிந்து முரைஸீஉ என்னும் நீர்நிலையருகே முஸ்லிம்கள் தங்கியிருந்தார்கள். தண்ணீர் எடுக்கும் இடத்தில் இருவருக்குள் தள்ளுமுள்ளு ஏற்பட்டது. ஒருவர் உமர் (ரலி) அவர்களின் குதிரையைப் பிடித்து வரும் கூலியாள் ஜஹ்ஜாஹ். மற்றவர் அன்ஸாரிகளின் நட்புக் குலத்தைச் சேர்ந்த ஸினான். ஒருவர் முஹாஜிர்களை உதவிக்கு அழைத்தார், மற்றவர் அன்ஸாரிகளை அழைத்தார். குழாயடிச் சண்டை என்று நம் ஊரில் சொல்வோமே, அவ்வளவுதான். இதைக் கேள்வியுற்ற நயவஞ்சகர் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை அதை ஒரு கதையாக மாற்றினான். வந்தேறிகள் நம் ஊரில் நம்மையே மிஞ்சிவிட்டார்கள் என்றான். நாயைக் கொழுக்க வளர்த்தால் அது வளர்த்தவனையே தின்னும் என்ற பழமொழியை அவர்கள் மீது ஏற்றினான். இவர்களுக்குச் செலவழிப்பதை நிறுத்துங்கள், தாமே கலைந்து போவார்கள் என்றான். ஊர் திரும்பியதும் கண்ணியமானவர் இழிந்தவரை வெளியேற்றுவர் என்றும் சூளுரைத்தான். அல்முனாஃபிகூன் அத்தியாயத்தின் ஏழாம், எட்டாம் வசனங்கள் இதையே எடுத்துக்காட்டுகின்றன.

பெரியோர்களே, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பேச்சில் இன்றைய தேநீர்க் கடைப் பேச்சு எது இல்லை? நம் சோற்றைத் தின்று நம்மையே மிஞ்சுகிறார்கள், வீடு கொடுக்காதே, சாமான் விற்காதே, போய்விடுவார்கள். புதிதாக ஒன்றும் இல்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குல முழக்கங்களை நாற்றமெடுத்தவை என்று கண்டித்தார்கள். அத்துடன் அவர்கள் செய்த இன்னொரு காரியத்தை ஸீரா நூலாசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். வழக்கமாகப் பயணம் செய்யாத நேரத்தில் படையைக் கிளப்பி, அன்று முழுவதும், இரவு முழுவதும், மறுநாள் வெயில் ஏறும்வரை நடக்கச் செய்தார்கள். இறங்கியதும் மக்கள் தரையில் சாய்ந்து உறங்கிவிட்டார்கள். அந்தப் பேச்சைப் பேசுவதற்கு எவருக்கும் தெம்பு இருக்கக் கூடாது என்பதே நோக்கம். வதந்தி வாய்க்கு வாய் மாறுவதற்கு ஓய்வு நேரம் தேவை. அந்த நேரத்தையே அவர்கள் கொடுக்கவில்லை.

அந்தப் பேச்சை நபியிடம் வந்து சொன்னவர் ஸைத் பின் அர்கம் (ரலி) என்ற இளைஞர். பெரியவர்கள் அவரை நம்பவில்லை. பையன் தவறாகக் கேட்டிருப்பான் என்றார்கள். வஹீ இறங்கிய பிறகே அவர் உண்மையாளர் என்பது நிலைநாட்டப்பட்டது. வெறுப்புப் பேச்சைக் கேட்டு வந்து வீட்டில் சொல்லும் பிள்ளைகளை நாம் அதட்டி வாயடைக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

இங்கே சிலர் மனத்தில் எழும் கேள்வியை நாம் அறிவோம். ‘ஹஜரத், அப்படியானால் வந்தவர்களில் எவரும் திருடவே இல்லையா? கொலை செய்யவில்லையா?’ செய்திருக்கிறார்கள். நெடுஞ்சாலை ஓர வீடுகளில் புகுந்து கொன்று கொள்ளையடித்த வடநாட்டுக் கும்பலைத் தமிழகக் காவல்துறை பிடித்தது உண்மை. அதைத் தழுவி 2017இல் ‘தீரன் அதிகாரம் ஒன்று’ என்ற திரைப்படமும் வந்தது. பொய்க்கதை மட்டுமே தீங்கு செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. உண்மைக் கதையும், அது ஒன்றே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டால், பொய்யின் வேலையைச் செய்துவிடும். லட்சக்கணக்கானோரில் ஒரு கும்பலின் கதை நமக்குத் தெரியும். நம் வீட்டுக்குத் தரைக்கல் பதித்தவனின் பெயர்கூடத் தெரியாது.

குற்றம் செய்தவர் விஷயத்திலும் மார்க்கம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. அதே பயணத்தில் திரும்பும்போதுதான் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளப்பப்பட்டது. ஏறத்தாழ ஒரு மாதம் மதீனா அந்தக் கதையைப் பேசியது. பேசியவர்களில் மிஸ்தஹ் என்பவரும் ஒருவர். அவர் ஏழை முஹாஜிர், அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினர், அவர்கள் கொடுக்கும் உதவியில் வாழ்ந்தவர். மகள் மீது பழி பேசியவருக்கு இனி ஒரு காசும் தரமாட்டேன் என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார்கள். யார்தான் செய்யமாட்டார்? ஆனால் அந்நூர் அத்தியாயத்தின் இருபத்திரண்டாம் வசனம் இறங்கி, உறவினருக்கும் ஏழைகளுக்கும் ஹிஜ்ரத் செய்தோருக்கும் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டாம், மன்னியுங்கள் என்றது. உதவி மீண்டும் தொடர்ந்தது. குற்றம் செய்தவருக்குத் தண்டனை உண்டு. அவரது வயிற்றில் அடிப்பது அந்தத் தண்டனை அன்று. குற்றமே செய்யாத அவர் ஊர்க்காரருக்கு வாடகை வீட்டை மறுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

2023 மார்ச்சில் இந்தச் சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றதைப் பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்படுவதாகச் சில காணொளிகள் அங்கே பரவின. விசாரித்தால், ஒன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க் கும்பல்களின் பகையில் நடந்த கொலை, இன்னொன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை. பீகார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. பொய் பரப்பியதாக அவ்வூர் யூடியூபர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அஞ்சி ரயிலேறியவர்கள் ஊருக்குப் போனார்கள், ஹோலிக்குப் போனவர்களும் அவர்களோடு கலந்துகொண்டார்கள். இம்முறை கதையில் கொடியவர்கள் நாம். கொலைகாரத் தமிழர்கள் என்று முகம் தெரியாத கோடிப் பேர் நம்மைப் பற்றிப் பேசியபோது நமக்கு எப்படி இருந்தது? 2025இல் வங்காள மொழி பேசும் தொழிலாளர்கள் பலர் வடமாநிலங்களில் ‘வங்கதேசத்தவர்’ என்ற சந்தேகத்தின் பேரில் பிடித்து வைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தவர் என்பதால் நமக்கு வலித்தது. நம் மார்க்கத்தவர் அல்லாத பீகாரிக்கும் அதே அளவு வலிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அல்குர்ஆனின் இருபத்தெட்டாம் அத்தியாயத்துக்கு ‘அல்கஸஸ்’ என்று பெயர். சம்பவங்கள், வரலாறுகள் என்பது பொருள். அந்தச் சொல் அதன் இருபத்தைந்தாம் வசனத்தில் வருகிறது. இடத்தைக் கவனியுங்கள்.

மூஸா (அலை) அவர்களின் அடியால் எகிப்தில் ஒருவன் இறந்துவிட்டான். இன்றைய மொழியில் சொன்னால், கொலைவழக்கில் தேடப்படுபவர். உயிருக்கு அஞ்சித் தப்பி மத்யனுக்கு வருகிறார். கையில் காசில்லை, ஊரில் தெரிந்தவர் இல்லை. நீர்த்துறையில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நிழலில் போய் அமர்கிறார். அந்தப் பெண்களின் தந்தை அழைத்துவரச் சொல்கிறார். மூஸா (அலை) தம் வரலாறு முழுவதையும் அந்த முதியவரிடம் எடுத்துரைக்கிறார். அங்கேதான் ‘அல்கஸஸ்’ என்ற சொல் வருகிறது. அஞ்சாதீர், அநியாயக்காரக் கூட்டத்திடமிருந்து தப்பிவிட்டீர் என்று முதியவர் ஆறுதல் கூறுகிறார். அதன் பின்னரே மகள், இவரைக் கூலிக்கு அமர்த்துங்கள், வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர் என்று பரிந்துரைக்கிறார். எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து ஆண்டுகள் என்று வேலை ஒப்பந்தம் பேசப்படுகிறது. உமக்குச் சிரமம் தர விரும்பவில்லை என்ற உறுதியும் முதலாளியின் வாயிலிருந்தே வருகிறது.

வரிசையைப் பாருங்கள். முதலில் வந்தவரின் கதையை அவர் வாயாலேயே கேட்கிறார்கள். பிறகு அஞ்சாதே என்கிறார்கள். பிறகுதான் வேலை, கூலி, காலக்கெடு. நாம் எங்கே தொடங்குகிறோம்? கூலியில். இருநூறு ரூபாய் குறைவாக வருவானா என்பதில். ‘வடக்கன் லீவு கேட்கமாட்டான், எதிர்த்துப் பேசமாட்டான், மாடுபோல் உழைப்பான்’ என்று புகழ்கிறோமே, ஏச்சைவிட அந்தப் புகழ்ச்சி நமக்கு அதிகமாக உறுத்துகிறது. ஏசுபவன் அவனை மனிதன் என்றாவது ஒப்புக்கொள்கிறான்.

கேரள அரசு இத்தொழிலாளர்களை ‘அதிதி’, அதாவது விருந்தினர் என்று குறிப்பிடுகிறது. பெயர் அழகானதே. ஆனால் விருந்தாளியிடம் என்றாவது ஒரு நாள் எப்போது கிளம்புகிறீர் என்று கேட்போம். விருந்தாளி கூலி உயர்வு கேட்கமாட்டான். அன்ஸாரிகள் வந்தவர்களை விருந்தினராக ஏற்கவில்லை, சகோதரர்களாகப் பிணைத்துக்கொண்டார்கள். சகோதரன் பங்கு கேட்கலாம்.

நல்ல கதைகளும் எழுதப்படாமலில்லை. பென்யாமின் என்பவர் 2008இல் மலையாளத்தில் எழுதிய ‘ஆடு ஜீவிதம்’ என்ற நாவல், வளைகுடாப் பாலையில் ஆடு மேய்க்கச் சிக்கிக்கொண்ட ஒருவரின் அவலத்தைச் சொல்வது, தமிழிலும் கிடைக்கிறது. சவூதி சென்று வந்த நம் மஹல்லாவாசிகள் அதைப் படித்தால் அழாமல் இருக்கமாட்டார்கள். அங்கே நம்மைச் சிலர் ‘மிஸ்கீன்’ என்று இளக்காரமாக அழைத்தபோது பட்ட வேதனையை நம்மிடம் வந்து சொன்னவர்கள் உண்டு. உதவத்தக்க ஏழை என்று அல்குர்ஆன் கண்ணியத்தோடு குறிப்பிடும் சொல்லை ஏச்சாக்கிவிட்டார்கள். திரைப்படம் பார்ப்பது நம் வழக்கமன்று; ஆயினும் நம் தேனி மாவட்டத்து எழுத்தாளர் பாஸ்கர் சக்தி, வடநாட்டுத் தொழிலாளி மீது உள்ளூர்க் குடிகாரன் ஒருவன் கொள்ளும் வெறுப்பைப் படமாக்கி, 2024இல் ‘ரயில்’ என்ற பெயரில் வெளியிட்டார் என வாலிபர்கள் கூறினார்கள். முதலில் அதற்கு ‘வடக்கன்’ என்று பெயர் வைத்திருந்தாராம்; தணிக்கையில் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. தெருவில் நாள்தோறும் நாம் கூச்சமின்றி வழங்கும் சொல் சுவரொட்டிக்கு ஆகாது என்றார்கள்!

நாவலாசிரியர்கள் நம் மஹல்லாவில் இல்லை. ஆனால் கேட்பதற்குக் காதுகள் உண்டு. கடந்த ரமலானில் ஓர் இரவு, தராவீஹ் முடிந்தபின், கட்டட வேலை செய்யும் மூவரைப் பள்ளி வராந்தாவில் அமர்த்தி அவர்களின் ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னோம். அவர்கள் சொல்வதை நாம் தமிழில் சொன்னோம். முதலில் பத்துப் பேர்கூட இல்லை. தரைக்கல் பதிக்கும் ஒருவர் கங்கைக் கரையைப் பற்றிச் சொன்னார். 1975இல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கிய பிறகு மால்டா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் ஆறு கரையை அரித்து அரித்து ஊர் ஊராக விழுங்கிக்கொண்டிருக்கிறது. அவர் குடும்பம் நான்கு முறை வீட்டைப் பெயர்த்துப் பின்னால் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறது. ஐந்தாம் முறை கட்ட நிலம் இல்லை. அதனால்தான் இங்கே வந்தார்.

மூலையில் சுவரில் சாய்ந்திருந்த நம் மஹல்லாப் பெரியவர் ஒருவர் அப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். வைகை அணைக்காகக் காலி செய்யப்பட்ட ஊர் ஒன்றிலிருந்து சிறுவனாக வெளியேறியவர் அவர். 1959இல் அணை திறக்கப்பட்டபோது அந்த ஊர்கள் தண்ணீருக்குள் போய்விட்டன. கவிஞர் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ அந்த மக்களைப் பற்றியதுதான். இந்த மாவட்டமே அதைப் படித்து அழுதது. பெரியவர் நம்மைப் பார்த்து, ‘கபுர்ஸ்தான் என்ன ஆச்சு என்று கேளுங்கள், ஹஜரத்’ என்றார்.

கேட்டோம். முதலில் போனது அதுதான் என்றார் அந்த வாலிபர். அவருடைய பாட்டனாரின் கபுரை ஆறு கொண்டுபோனதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறார்.

பெரியவர் எழுந்து வந்து அவர் அருகில் அமர்ந்துகொண்டார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ஸஹர் நேரம்வரை அங்கிருந்து இருவரும் எழவில்லை.

நிர்வாகிகளின் ஒப்புதலோடு, இனி ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு இஷாவுக்குப் பின் இந்த அமர்வு நடைபெறும். வருபவர் எம்மதத்தவராயினும் வராந்தாவில் இடம் உண்டு. ஜும்ஆ பயானின் சுருக்கத்தைத் தொழுகை முடிந்ததும் ஐந்து நிமிடம் உருதுவில் சொல்லும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்கிறோம். வாடகைக்கு வீடு வைத்திருப்போர், வந்து கேட்பவரின் ஊரையும் பெயரையும் வாங்கிய கையோடு மறுத்துவிடாமல், அவரை இந்த அமர்வுக்கு ஒருமுறை அழைத்து வாருங்கள். அந்தக் கொசுவலை வாலிபர்கள் இருவரையும் தேடினோம். பத்தலக்குண்டில் விசாரித்தும் தகவல் இல்லை. அவர்களை அறிந்தவர் எவரேனும் இருந்தால் மோதினாரிடம் தெரிவிக்கவும்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.